உங்களுக்குத் தெரியுமா? ரப்பருக்குள் காந்தத் தூள்

ஒரு லட்சம் காலடிகளும் ஒரு விளக்கும்

தீபாவளிக்கு முந்தைய வாரம் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கால் வைக்க இடம் கிடைக்காது. அத்தனை காலடிகளையும் மின்சாரமாக்கினால் லிட்டில் இந்தியா முழுக்க விளக்கு எரிக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிக்கும்போது தரை 5 மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்கு அதிகபட்சம் 3 ஜூல் ஆற்றல் தேறும். ஒரு லட்சம் மிதிகளுக்கு 3 லட்சம் ஜூல். மின்கட்டண ரசீது கணக்கில் அது 0.08 யூனிட். ஒரே ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கை ஒன்பது மணி நேரம் எரிக்கலாம், அவ்வளவுதான். அதுவும் துளிகூட வீணாகாமல் சேர்த்தால்.

ஆனால் அதே 3 ஜூல் வேறொரு வேலைக்குத் தாராளம். நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, பாலத்தின் அதிர்வையோ குழாயின் அழுத்தத்தையோ அளந்து, செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும் ஒரு சிறு சென்சாருக்குச் சராசரியாகச் சில பத்து மைக்ரோவாட் போதும். ஒரு மிதியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கைப் பிடித்தாலே, 50 மைக்ரோவாட் சென்சார் ஒன்று பத்து நிமிடம் ஓடும். அப்படிப் பிடித்துக் கொடுக்கவல்ல பொருள்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் பேசுகிறோம். பாலிமருக்குள் காந்தத் தூளைக் கலந்து செய்வது. அதற்கு வேண்டிய இரண்டு சரக்குகளும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அந்நியமானவை அல்ல என்பதால் கூடுதல் அக்கறையோடு சொல்கிறேன்.

இரும்பு நீளும்

மேலே ஜூல் கணக்குப் போட்டோமே, அந்த அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்தான் காந்தமாக்கினால் இரும்பு நீளும் என்பதை 1842இல் கண்டறிந்தார். மான்செஸ்டர் பக்கத்தில் மதுபான ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. இரும்புக் கம்பியைச் சுற்றிய சுருளில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தமாக்கியபோது கம்பி சற்றே நீண்டது. ஒரு மீட்டர் இரும்புக்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் மாற்றம். நிக்கல் இதற்கு நேர்மாறு. காந்தப்புலத்தில் அது சுருங்கும்.

மேக்னெட்டோஸ்டிரிக்‌ஷன் என்று பெயர் பெற்ற இந்தக் குணத்தைத் தமிழில் காந்த உருத்திரிபு எனலாம். உலோகத்துக்குள் ஆளுக்கொரு திசையில் நிற்கும் நுண்ணிய காந்தப் பகுதிகள், வெளியிலிருந்து காந்தப்புலம் வந்ததும் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது அணுக்களின் இடைவெளியும் கொஞ்சம் மாறுகிறது.

டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம்

குடியிருப்புப் பகுதியில் டிரான்ஸ்பார்மர் பக்கம் நின்றால் 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி கேட்கும் அல்லவா? உள்ளேயிருக்கும் எஃகுத் தகடுகள் நீண்டு சுருங்கும் ஒலி அது. மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தகடு இரண்டு முறை காந்தமாகிறது. ஆகவே ஒலி நொடிக்கு 100 அதிர்வு.

துணிக்கடை வாசலில்

பேரங்காடியில் பணம் கட்டாமல் சட்டையை வெளியே கொண்டுபோனால் வாசல் தூண் அலறும். பல கடைகள் பயன்படுத்தும் ஒரு வகைப் பட்டைக்குள் பேட்டரியும் இல்லை, சில்லும் இல்லை. சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய உலோக இழை ஒன்று சும்மா கிடக்கும். வாசல் தூண் 58,000 ஹெர்ட்ஸில் ஒரு காந்தத் துடிப்பை அனுப்ப, இழை அதே வேகத்தில் நீண்டு சுருங்கி அதிரும். தூண் நிறுத்திய பிறகும் இழை சற்று நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த மிச்ச அதிர்வைத்தான் தூண் கேட்டுப் பிடிக்கிறது.

பல் மருத்துவர் பற்காரையைச் சுரண்டும் கருவியில் ஒரு வகையும் இப்படித்தான். கைப்பிடிக்குள் நிக்கல் தகடுகளின் அடுக்கு. நொடிக்கு 25,000 முதல் 30,000 முறை அது சுருங்கி விரிய, நுனி அதிர்ந்து கறையைப் பெயர்க்கும்.

பெட்ரோல் நிலையத்தின் தரைக்கு அடியில்

நிலத்தடித் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரிகிறது? கோல் விட்டு அளந்த காலம் உண்டு. இப்போது பல நிலையங்களில் தொட்டிக்குள் ஒரு நீண்ட குழல் செங்குத்தாக நிற்கிறது. அதன் நடுவே காந்த உருத்திரிபுக் கம்பி. குழலைச் சுற்றி, காந்தம் பொருத்திய மிதவை பெட்ரோல் மட்டத்தில் மிதக்கும். மேலிருந்து கம்பியில் ஒரு மின் துடிப்பை அனுப்பினால், மிதவையின் காந்தம் இருக்கும் இடத்தில் கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஓர் அலையாக, நொடிக்கு சுமார் 2,800 மீட்டர் வேகத்தில் மேலே ஏறி வரும். வர எடுத்த நேரத்தை அந்த வேகத்தால் பெருக்கினால் தூரம் தெரியும், அதிலிருந்து மட்டம் கிடைத்துவிடும். மூன்று மீட்டர் தூரத்துக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். கம்பி முறுக்கிக்கொள்ளும் இந்த விளைவைக் கண்டவர் ஜெர்மானியரான குஸ்தாவ் வீடெமான், 1858இல்.

அழுத்தினால் என்ன ஆகும்?

காந்தம் இரும்பை நீட்டும் என்றால், இரும்பை அழுத்தினால் காந்தம் மாறவேண்டும் அல்லவா? மாறுகிறது. இத்தாலியரான எமிலியோ வில்லாரி 1865இல் அதைக் காட்டினார். இந்தத் தலைகீழ்ப் பாதைதான் நமக்கு முக்கியம். அழுத்தம், அதிர்வு, முறுக்கு எதுவானாலும் அது பொருளின் காந்தத்தை மாற்றும். சுற்றிலும் செப்புச் சுருள் இருந்தால், மாறும் காந்தம் அதில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். அந்த மின்னோட்டத்தை அளந்தால் உணரி, சேமித்தால் மின்னாக்கி. ஒரே பொருள் இரண்டு வேலைக்கும் ஆகும்.

ஸ்வீடனின் ஆசியா (ASEA) என்ற நிறுவனம் 1954இலேயே, உருக்காலையின் உருளைகள் தாங்கும் விசையை அளக்க இந்தக் கொள்கையில் கருவி செய்துவிட்டது.

ஆயிரம் மடங்கு அல்ல, ஆனாலும் நூறு மடங்கு

ஜூல் கம்பியை நீட்டியதற்கு மறு ஆண்டு, 1843இல், ஸ்வீடனில் டெர்பியம் என்ற தனிமம் கண்டறியப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. டெர்பியமும் டிஸ்புரோசியமும் கடுங்குளிரில் இரும்பைவிடப் பன்மடங்கு உருத்திரிகின்றன என்பது 1960களில் தெரிந்தது. ஆனால் அறை வெப்பத்துக்கு வந்தால் அந்தக் குணம் போய்விடும். 1970களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில், கப்பலின் ஒலியுணர் கருவிக்காக இவற்றை இரும்போடு சேர்த்து உருக்கியபோதுதான் வழி பிறந்தது. டெர்பினால்-டி என்ற அந்தக் கலப்புலோகம் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரும்பைப் போல நூறு மடங்கு!

நூறு கிராம் டெர்பினால்-டியில் சுமார் 42 கிராம் டிஸ்புரோசியம், 40 கிராம் இரும்பு, 18 கிராம் டெர்பியம். டெர்பியமும் இரும்பும் மட்டும் இருந்தால் அதைத் திருப்ப மிக வலுவான காந்தப்புலம் வேண்டும். டிஸ்புரோசியம் எதிர்த்திசையில் இழுத்து அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்துகிறது.

தூளாக்கினால் பலம்

இவ்வளவு கெட்டிக்கார உலோகத்துக்கு இரண்டு குறை. ஒன்று, கீழே போட்டால் உடையும். இழுத்தாலும் உடையும். இரண்டாவது, வேகமாக மாறும் காந்தப்புலத்தில் வைத்தால் உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று சூடாகிவிடும். ஆற்றல் வெப்பமாக வீணாகும். நொடிக்குச் சில ஆயிரம் அதிர்வுக்கு மேல் முழுத்தண்டு சரிப்படாது.

இரண்டுக்கும் ஒரே மருந்து: உலோகத்தைப் பொடி செய்து எப்பாக்ஸி போன்ற பாலிமரில் குழைப்பது. எள்ளுருண்டையில் எள்ளைப் பாகு பிடித்து நிறுத்துவதுபோல, பாலிமர் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்தும். துகளுக்கும் துகளுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத சுவர் வந்துவிடுவதால் சுழல் மின்னோட்டம் அடங்கும். நொடிக்குப் பல பத்தாயிரம் அதிர்வு வரை வேலை செய்யலாம். உடையும் குணமும் குறையும். அச்சில் ஊற்றி எந்த வடிவமும் எடுக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. எப்பாக்ஸி இறுகுவதற்கு முன் அச்சைக் காந்தப்புலத்தில் வைப்பார்கள். மிதக்கும் துகள்கள் புலத்தின் திசையில் வரிசை கட்டிச் சங்கிலி சங்கிலியாக நிற்கும், அப்படியே இறுகிவிடும். வரிசை கட்டிய கலவை, தாறுமாறாகக் கிடக்கும் கலவையைவிட நன்றாக உருத்திரியும். இன்னொரு லாபம்: இறுகும்போது எப்பாக்ஸி சுருங்கித் துகள்களை நெருக்குகிறது. முன்கூட்டியே நெருக்கப்பட்ட டெர்பினால்-டி கூடுதலாக நீளும். முழுத்தண்டு என்றால் இதற்கென்று தனியே திருகும் வில்லும் வைத்து அழுத்தவேண்டும். இங்கே பாலிமரே அந்த வேலையில் ஒரு பங்கைப் பார்த்துவிடுகிறது.

விலை கட்டுப்படி ஆகாதவர்களுக்குக் கோபால்ட் பெர்ரைட் இருக்கிறது. டெர்பியம், டிஸ்புரோசியம் போன்ற அருமண் தனிமங்கள் தேவையில்லை, நீட்சி குறைவு. இரும்பும் காலியமும் சேர்ந்த கால்பினாலும் உண்டு. வளைத்தாலும் எளிதில் உடையாது.

ஈயக் குட்டையில் கிடந்தது

முதல் சரக்கான காந்தத் தூளுக்கு வருவோம். கோலாலம்பூர் 1857இல் ஈயத்துக்காகப் பிறந்த ஊர். சன்வே கேளிக்கைப் பூங்கா நிற்பதும் பழைய ஈய லம்பத்தில்தான். ஈயத்தை அலசி எடுத்த பிறகு மிஞ்சிய கனமான கறுப்பு மணலுக்கு 'அமாங்' என்று பெயர். பல காலம் அது கழிவு. அந்த மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகியவற்றோடு செனோடைம் என்ற தாதுவும் இருக்கும். டிஸ்புரோசியம் போன்ற கனமான அருமண் தனிமங்கள் அந்தச் செனோடைமில்தான் செறிந்திருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அருமண் உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். ஆனால் மோனசைட்டில் மிகுதியாக இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலகு வகைகள். டெர்பியமும் டிஸ்புரோசியமும் அதில் சொற்பம்.

இந்தத் தனிமங்களைப் பிரித்தெடுப்பதில் ஒரு பெரிய விலை இருக்கிறது. தாதுவோடு கதிரியக்கமுள்ள தோரியமும் வரும். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982 முதல் இயங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலையை எதிர்த்து ஊர்மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 தொடக்கத்தில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. அந்த ஊர்மக்களின் போராட்டத்தை மறந்துவிட்டு அருமண்ணைப் பற்றிப் பெருமை பேசுவது சரியல்ல.

குவாந்தான் கெபெங்கில் 2012 முதல் லைனாஸ் ஆலை மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாதுவைப் பதப்படுத்துகிறது. கழிவு பற்றிய சச்சரவு அங்கும் உண்டு. 2025 மே மாதம் அங்கே டிஸ்புரோசியம் ஆக்சைடும் அடுத்த மாதம் டெர்பியம் ஆக்சைடும் பிரித்தெடுக்கப்பட்டன. சீனாவுக்கு வெளியே வணிக அளவில் இதைச் செய்யும் ஒரே நிறுவனம் தானே என்று லைனாஸ் அறிவித்தது. டெர்பினால்-டிக்கு வேண்டிய இரண்டு அருமண்களும் இன்று மலேசிய மண்ணில் பிரிகின்றன.

பால்மரத்தின் பங்கு

இன்னொரு சரக்கு பாலிமர். உலகத்துக்கு இயற்கை கொடுத்த தலைசிறந்த பாலிமர்களில் ஒன்று ரப்பர். அதை விடியுமுன் போய்ச் சீவி, மங்கில் சொட்டவிட்டு, வாளியில் சேர்த்துச் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். அந்த நேரம் அதற்காகத்தான். ரஜூலா கப்பல் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகங்களில் ஒன்று போர்ட் சுவெட்டன்ஹாம். அவர்கள் எடுத்த ரப்பர் கப்பல் ஏறியதும் அங்கிருந்தே. 1972 முதல் அதன் பெயர் போர்ட் கிள்ளான்.

ரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் தோன்றியது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் விரிந்து கிடந்தது. அந்த நிலத்தில் இன்று குவாசா டாமான்சாரா நகரம் எழுகிறது; 2016 டிசம்பர் முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. ரப்பரைத் தரம் பிரித்து, சான்றிதழோடு விற்கும் முறையை 1965இல் மலேசியா உலகுக்கு முதலில் கொண்டுவந்தது. ரப்பர் மூலக்கூறில் ஆக்சிஜனைச் சேர்த்து எண்ணெயில் ஊறாத எப்பாக்சி ரப்பரை 1980களில் உருவாக்கியதும் மலேசிய ரப்பர் ஆய்வே. தோட்டத்துத் தொழிலாளியின் உழைப்பைப் போற்றுகிறோம். அந்தப் பாலின் மேல் கட்டப்பட்ட இந்த அறிவியலும் நம் பிள்ளைகளின் பாடமாக வேண்டும் என்பது என் ஆசை.

ரப்பரில் காந்தத் தூளைக் கலந்தால் நடப்பது எப்பாக்ஸியில் நடப்பதுபோல் அல்ல. எப்பாக்ஸி கடினம், துகள் நீண்டால் கட்டி முழுதும் நீளும். ரப்பர் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மென்மை. துகள் தன்னளவில் நீளும் அந்தச் சிறு அசைவை ரப்பர் விழுங்கிவிடும். ஆனால் துகள்கள் ஒன்றையொன்று காந்தத்தால் இழுத்துக்கொள்ள, ரப்பரின் உருவமே மாறும். கூடவே சில மில்லிவினாடிகளில் அது விறைக்கும். காந்தப்புலத்தை எடுத்ததும் பழையபடி இளகும். இதற்கு டெர்பினால்-டி வேண்டாம்; மைக்ரான் அளவுள்ள சாதாரண இரும்புத்தூள் போதும். கன அளவில் சுமார் 30 விழுக்காடு தூள் கலந்தால் விளைவு நன்றாகக் கிடைக்கும். தலைகீழாக, இந்த ரப்பரை அழுத்தினால் துகள்கள் நெருங்கி, காந்தக் குணமும் மின்தடையும் மாறும். அந்த மாற்றத்தை அளந்து எவ்வளவு அழுத்தம் என்று சொல்லிவிடலாம்.

கோலாலம்பூரில், முன்பு ஜாலான் செமாராக் என்று அழைக்கப்பட்ட சாலையில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 2011இல் அங்கே தொடங்கிய மலேசிய-ஜப்பான் அனைத்துலகத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் இத்தகைய காந்த ரப்பரைப் பற்றித் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வருகிறார்கள். இயற்கை ரப்பரிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். எப்பாக்சி ரப்பரிலும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கட்டடத்தின் காலடியில் ரப்பர்

கலிபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்கா நகரில் 1985இல் கட்டிய நீதிமன்ற வளாகம், அமெரிக்காவில் நிலநடுக்கத்தைத் தாங்க ரப்பர் மெத்தைகள்மேல் நின்ற முதல் கட்டடம். மெத்தைகள் இயற்கை ரப்பர். அவற்றை உருவாக்கியது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுச் சங்கம். 2014இல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலமும் இயற்கை ரப்பர் தாங்கிகள்மேல்தான் நிற்கிறது. இப்போது பாலத்தின் எடை முழுதும் இறங்கும் இடத்தில் ரப்பர் இருக்கிறது. அந்த ரப்பருக்குள்ளேயே காந்தத் தூள் இருந்தால், எந்தத் தாங்கியில் பாரம் கூடுகிறது, எது சாய்கிறது என்பதை வெளியே வைத்த ஒரு காந்த உணரி சொல்லிவிடும் வாய்ப்பு இருக்கிறது. பாலத்தை உடைக்காமல், கம்பி செருகாமல்! இந்தத் துறையில் எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இந்தப் பயன்தான்.

விமான இறக்கைக்குச் செய்யும் கார்பன் இழைப் பலகைகளில் டெர்பினால்-டி தூளைத் தூவி, உள்ளே அடுக்கு பிரிகிறதா என்று வெளியிலிருந்து காந்த வழியில் பார்க்கும் சோதனைகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன.

டயருக்குள் பேட்டரி

காரின் டயர் அழுத்தத்தைச் சொல்லும் சென்சார் சக்கரத்துக்குள் இருக்கிறது. அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தீரும். பெரும்பாலும் சென்சாரையே தூக்கிப் போடவேண்டும். டயரோ ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுக்கலிலிருந்தே சென்சாருக்கு மின்சாரம் எடுக்க உலகெங்கும் முயற்சி நடக்கிறது.

மின்னாக்கத்துக்குப் பாலிமரும் தூளும் சேர்ந்த கலப்புப்பொருள் மட்டுமே சிறந்தது என்று சொல்லமாட்டேன். ஜப்பானின் கனாசாவா பல்கலைக்கழகம் கால்பினால் உலோகத் துண்டைச் சுற்றிச் செப்புச் சுருள் வைத்தே அதிர்விலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டியிருக்கிறது. கலப்புப்பொருளில் பாதி இடத்தைப் பாலிமர் பிடித்துக்கொள்வதால் கிடைக்கும் ஆற்றல் குறையும். அதன் பலம் வேறு: வளையும், ஒட்டும், எந்த வடிவமும் எடுக்கும், துரு ஏறாமல் தூளைக் காக்கும். குழாய் வளைவிலும் டயரின் உட்புறத்திலும் உலோகத் தண்டு போகமுடியாத இடத்தில் இது போகும்.

சுருளே இல்லாமல் மின்சாரம்

ஹெய்ஜி கவாய் என்ற ஜப்பானியர் 1969இல் பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக், இழுத்தால் மின்னழுத்தம் தரும் என்று கண்டார். அந்தப் பிளாஸ்டிக் தாளின்மேல் காந்த உருத்திரிபுப் படலம் ஒன்றை ஒட்டினால் போதும். பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் காந்தப்புலம் படலத்தை நீட்டும். படலம் பிளாஸ்டிக்கை இழுக்கும். பிளாஸ்டிக் மின்னழுத்தம் தரும். மின்கம்பியைத் தொடாமலேயே அதில் ஓடும் மின்னோட்டத்தை இப்படி அளக்கலாம்.

பழைய டயரும் வீண்போகாது

காந்த ரப்பருக்குப் புது ரப்பர்தான் வேண்டும் என்பதில்லை. கழித்துப்போட்ட டயரை அரைத்து, மீட்டெடுத்த ரப்பரில் இரும்புத்தூளைக் கலந்து அச்சில் அழுத்தி, அதிர்வை அடக்கும் காந்த ரப்பராக்கிப் பார்த்திருக்கிறார்கள் மேலே சொன்ன கோலாலம்பூர் ஆய்வாளர்கள். கந்தகத்தால் ஒரு முறை இறுகிய ரப்பரை மறுபடி உருக்கமுடியாது என்பதே டயர்க் கழிவின் பெருந்தொல்லை. வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அதன் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுத்தபின், அந்த ரப்பர் தூளை ஏற்றுக்கொண்டு மீண்டும் ஒரே கட்டியாகிறது.